அலியா வெடியும் ஐம்பது குலையும்

அன்றைக்கு ரப்பர் பால் நிறுக்கிற மடுவத்தில் இருந்தவர்களைச் சொல்கிறேன்.

தலைவர் இருந்தார். எங்கள் டிவிசனுக்கு யூனியன் தலைவர் அவர். கையில் நோட்டுப் புத்தகம் இருந்தது. பேனா இல்லை.

கணக்கப்பிள்ளை இருந்தார். பால் நிறுத்து முடிந்துவிட்டது. அவர் வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. வேடிக்கை பார்க்கிற ஆசை.

கோப்ரல் இருந்தார். ஆமியில் இருந்து பென்சன் வாங்கிக்கொண்டு வந்து ருவான்வெல்லை பஜாரில் திரீவீல் ஓட்டுகிறவர். சிங்கள ஆள். தமிழ் பேசுவார். அந்தத் தமிழை எங்கே படித்தார் என்று நாங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரி இருந்தாள். கூட்டமே அவளால்தான்.

நான் இருந்தேன்.

தகரக் கூரை மேல் ஒரு குரங்கு இருந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்தது.

விஷயம் வாழை.

எங்களுடையது ரப்பர் தோட்டம். விடிய முன்னே நெத்தியில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரத்துக்குப் போவோம். பட்டையில் கத்தியால் கோடு இழுத்தால் பால் வடியும். சிரட்டையில் விழும். பத்து மணிக்கு மேல் சேர்த்துக்கொண்டு வந்து மடுவத்தில் நிறுப்போம். முப்பது வருஷமாக எனக்கு இதுதான் வேலை. வேறு எழுத ஒன்றும் இல்லை.

வீட்டுக்காரி என்னைவிட நன்றாக வெட்டுவாள். அவளுக்கு இருநூற்று எழுபது மரம். ஒரு மரத்தில் சிரட்டை கழன்று விழுந்திருந்தால், மேலே இருந்து எத்தனாவது வரிசை, எத்தனாவது மரம் என்று அடுப்படியில் உட்கார்ந்துகொண்டே சொல்வாள். எண்ணிக்கையில் அவள் தப்பு விட்டு நான் பார்த்ததில்லை.

பிறகு அந்த மரங்களுக்கு வயசு போய்விட்டது என்று தோட்டம் பிடுங்கிப் போட்டது. புதுக் கன்று வைத்தார்கள். கன்று பால் தர ஆறு வருஷம் செல்லும். வெட்ட மரம் இல்லாதவளுக்கு வாரத்தில் ரெண்டு நாள் புல்வெட்டு. மீதி நாள் வீட்டில். சும்மா இருக்கிறது அவளுக்கு வராது. சும்மா இருந்தால் என்னைத் திருத்தப் பார்ப்பாள்.

கன்று வரிசைக்கு நடுவே வாழை வைத்துக்கொள்ளலாம் என்று தொரை சொன்னார். நூறு கன்று வைத்தாள். குழி எல்லாம் நான் வெட்டினேன். முதல் காய்ப்பில் வீட்டுக்கு வந்து சேர்ந்தது ஒன்பது குலை. மற்றது எல்லாம் ஓடைக்கரைக் குரங்குக்கு.

ஒன்பதாவது குலையை இறக்கி வைத்துவிட்டு அவள் நேராகப் பஜாருக்குப் போனாள். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜன்டைப் பார்த்தாள். பாஸ்போட் எடுத்தாள். வந்து சொன்னாள்.

"இந்தாங்க. அடுத்த காய்ப்பு வரைக்கும் பாப்பேன். அம்பது கொல வந்தா நான் இங்கேயே இருக்கேன். வரலன்னா ரெண்டு வருஷத்துக்கு அரபு நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போறேன்."

"அம்பதா?"

"அம்பதுன்னா அம்பது. நாப்பத்தொம்பதுன்னு வந்து நிக்காதீங்க."

போகாதே என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அப்படிச் சொல்கிற வாய் எனக்கு இல்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் வாழைக்கு மண் அணைத்தேன்.

அடுப்படிச் சுவரில் ஒரு பக்கத்தைத் துடைத்து வைத்தாள். ஒரு குலை வெட்டி வந்தால் ஒரு கரிக்கோடு. நாலு கோடு நிறுத்தி, ஐந்தாவதைக் குறுக்கே இழுத்தால் ஒரு கட்டு. பத்துக் கட்டு வேண்டும்.

இந்தத் தடவை எழுபத்தாறு வாழை பூ விட்டது. அப்போதுதான் மடுவத்தில் கூட்டம் போட்டோம்.

ஓடைக்கு அந்தப் பக்கம் சிங்களக் கிராமம். பப்பாசி, ஈரப்பலா, ரம்புட்டான் என்று வீட்டுக்கு வீடு மரம். விடிந்ததும் அவர்கள் சீன வெடி போடுவார்கள். குரங்கு ஓடையைத் தாண்டி எங்கள் பக்கம் வரும். எங்கள் ஆட்கள் தகரம் தட்டினால் அந்தப் பக்கம் போகும். இப்படியே பல வருஷம்.

"அவங்க வேணுமின்னே அனுப்புறாங்க. நாங்க சும்மா இருக்கோம். சும்மா இருக்கிறவன் தலையிலதான் எல்லாரும் ஏறுவான்" என்றார் தலைவர்.

"எத்தன ரிலவா இருக்கும்?" என்று கோப்ரல் கேட்டார். குரங்குக்குச் சிங்களத்தில் ரிலவா.

"முப்பது, நாப்பது."

"ஆயுதம்?"

"வாலு" என்றார் கணக்கப்பிள்ளை.

கோப்ரல் சிரிக்கவில்லை. பால் நிறை எழுதுகிற பலகையைத் துடைத்தார். சோக்கால் படம் போட்டார். ஒரு வளைந்த கோடு. அது ஓடை. இந்தப் பக்கம் ஒரு பெட்டி, நாங்கள். அந்தப் பக்கம் ஒரு பெட்டி. அதில் எதிரி என்று சொன்னார்.

"எதிரின்னா யாரு மாத்தையா? கொரங்கா, கிராமமா?" என்று வீட்டுக்காரி கேட்டாள்.

"அத அப்பறம் பாப்போம் நங்கி" என்றார். நங்கி என்றால் தங்கச்சி.

"எத்தன நாளைக்கு?"

"மூணு நாள். மூணு நாள்ல க்ளியர்." கோப்ரல் சோக்கைப் போட்டுவிட்டுக் கையைத் தட்டினார். "நான் ஆமியில இருந்து வெளிநாட்டுக்குச் சமாதானப் படையில போய் ஒரு வருஷம் இருந்தவன். மெஷின் கன் வச்சிருந்தவனையே நிப்பாட்டினேன். இது ரிலவா."

"வெடி இருக்கா?" என்று தலைவர் கேட்டார்.

"அலியா வெடி இருக்கு."

அலியா வெடி யானை விரட்டப் போடுவது. கையளவு இருக்கும். சீன வெடி அதற்கு முன்னால் பொரிகடலை. எங்கள் பக்கத்தில் யானை கிடையாது. எங்கே வாங்கினார் என்று அதையும் நாங்கள் கேட்கவில்லை.

கூரையில் இருந்த குரங்கு இறங்கிப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை, பால்வெட்டு இல்லாத நாள், விடிந்ததும் செய்தோம். எங்கள் லயத்து வீடுகளில் இருந்து பன்னிரண்டு பேர், கையில் தகரம். கோப்ரல் நடுவில். பழைய தொப்பி போட்டிருந்தார். நாங்கள் வாழைக்குப் பின்னால் இருந்து ஓடையைப் பார்த்து வரிசையாக நடந்தோம். அவர் கையைத் தூக்கினார். தகரம் தட்டினோம். கையை இறக்கினார். வெடி போட்டார்.

என் காது மத்தியானம்தான் திரும்பி வந்தது.

குரங்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஓடையைத் தாண்டி, கிராமத்தையும் தாண்டி, பார்வைக்கு எட்டாமல் போய்விட்டது. எங்கள் நாய்களும் போய்விட்டன. நாய்கள் சாயங்காலம் திரும்பின.

மூன்று நாள் ஒரு குரங்கும் வரவில்லை. வீட்டுக்காரி மாதா சுருவத்துக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். தலைவர் மடுவத்தில் வைத்துக் கோப்ரலுக்குப் பொன்னாடை போட்டார். தோட்டத்துப் பிரச்சினை ஒன்று நிரந்தரமாகத் தீர்ந்தது என்று பேசினார். பொன்னாடை போட்ட கோப்ரல் அதோடேயே பஜாருக்குத் திரீவீல் ஓட்டிக்கொண்டு போனார்.

அந்தச் சாயங்காலம் வீட்டுக்காரி போனில் செய்தி பார்த்துக்கொண்டு இருந்தாள். அவள் போக நினைத்த பக்கத்தில் ஏதோ பெரிய நாட்டு விமானம் வந்து குண்டு போட்டுவிட்டுத் திரும்பி இருந்தது. கோட் போட்ட ஒரு ஆள் மைக் முன்னால் நின்று, வேலை முடிந்தது என்று சொன்னான்.

"வேல முடிஞ்சிச்சாம். நம்ம தலைவரு மாதிரியே சொல்றான் பாருங்க" என்றாள்.

நாலாம் நாள் காலை நான் நூற்றிருபதாவது மரத்தில் இருந்தேன். ஓடைக்கு அந்தப் பக்கம் வெடி. சீன வெடி இல்லை. அவர்களும் அலியா வெடி வாங்கிவிட்டார்கள். பிறகுதான் தெரிந்தது, நாங்கள் வாங்கிய அதே ஆளிடம்.

குரங்குக் கூட்டம் முழுதும் வந்தது. வாழைக்கு நேராக வரவில்லை. பயந்து போய் ரப்பருக்குள் ஏறியது. வெட்டி வைத்த மரம் எல்லாம் பால் வடிகிற நேரம். கிளையில் இருந்து கிளைக்குத் தாவ, கம்பியில் இருந்த சிரட்டை எல்லாம் கவிழ்ந்தது. மூன்று பேருடைய பால் தரையில் போனது. என்னுடையதும்தான். ஒரு குட்டிக் குரங்கு சிரட்டையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வெள்ளைக் குரங்கு. கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்துச் சிரித்தது நான் ஒருவன்தான்.

அன்றைக்கு எனக்கு அரைப் பேருதான், அரை நாள் சம்பளம்தான் விழுந்தது. வாழையில் நாலு பூ போனது.

தலைவர் விடவில்லை. அடுத்த நாள் நாங்கள் வெடி போட்டோம். அதற்கு அடுத்த நாள் அவர்கள். நாங்கள் ரெண்டு வெடி. அவர்கள் மூன்று. மாதா சுருவத்துக் கண்ணாடி விரிசல் விட்டது. கிராமத்து விகாரையில் பிரித் ஓதுகிற நேரத்தில் எங்கள் வெடி விழுந்து, பெரிய பிக்கு, ஹாமுதுரு, பாதியில் நிறுத்தினார் என்று கேள்விப்பட்டோம். குரங்கு பழகிவிட்டது. முதலில் வெடிச் சத்தத்துக்கு ஓடியது. பிறகு திரி பற்றவைக்கிற கையைப் பார்த்து ஒதுங்கியது. பிறகு வெடித்து முடியும் வரை காதைச் சொறிந்துகொண்டு காத்திருந்தது.

அப்போது கோப்ரல் வேறு யோசனை சொன்னார்.

"நெலத்த புடிச்சு வச்சிருக்கணும். போஸ்ட் போடணும்."

வாழைக்குள் ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டார். தொப்பி, தடி, ஃபிளாஸ்க். காலையில் வந்து உட்கார்வார். உண்மையைச் சொல்கிறேன். அவர் உட்கார்ந்த இடத்தில் ஒரு குரங்கும் வரவில்லை. மேட்டுப் பக்கம் வந்தது. அவர் கதிரையை மேட்டுக்குத் தூக்கினார். பள்ளத்துப் பக்கம் வந்தது. அவருக்குத் திரீவீல் ஹயர் வந்து பஜாருக்குப் போனால் கதிரை மேலேயே வந்து உட்கார்ந்தது.

"ஆளு மாறிருச்சு. டியூட்டி நடக்குது" என்றாள் வீட்டுக்காரி.

சிரித்தாள். ஆனால் சாயங்காலம் தனியாக எண்ணிக்கொண்டு வந்தாள். எழுபத்தாறில் அறுபத்தொன்றுதான் மிச்சம். காய் முற்ற இன்னும் ரெண்டு மாதம் இருந்தது. அலுமாரியில் இருந்து பாஸ்போட்டை எடுத்துத் தேதியைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஏஜன்ட் போன் பண்ணினான்.

"ஒண்ணும் பயம் இல்லக்கா. குண்டு விழுந்தது வேற ஊர்லதான்."

"எங்க கொரங்கும் வேற லயத்துக்குத்தான் போகும்னு சொன்னாங்க தம்பி" என்றாள்.

அவனுக்கு விளங்கவில்லை. வைத்துவிட்டான்.

ஒரு நாள் பெரிய மழை. கோப்ரல் கதிரையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மடுவத்துக்கு ஓடி வந்தார். நாங்களும் அங்கேதான். வீட்டுக்காரி பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"மாத்தையா, நீங்க போன அந்த வெளிநாட்டுல மூணு நாள்ல க்ளியர் ஆச்சா?"

கோப்ரல் தொப்பியைக் கழற்றிப் பிழிந்தார்.

"இல்ல நங்கி. நாங்க போகும்போதே அந்தச் சண்டைக்குப் பல வருஷம். நாங்க வந்த பொறகும் இருக்கு."

"அப்ப நீங்க என்ன செஞ்சீங்க?"

"நின்னோம்."

"நின்னீங்களா?"

"ஒரு சந்த. இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம். நடுவுல நாங்க. வெள்ள வண்டி, நீலத் தொப்பி. நாங்க நின்ன எடத்துல சண்ட இல்ல. பொய் சொல்லல. நாங்க நின்ன நாள்ல அந்தச் சந்தையில ஒருத்தரும் சாகல. அது ஒரு புண்ணியம். ஆனா நாங்க நிக்காத தெருவுல அவங்க அடிச்சிக்கிட்டாங்க. அங்க ஒரு அம்மா தக்காளி விப்பா. நாங்க எப்ப கெளம்புவோம்னு எங்க பெரியவருக்கே தெரியாது. அவளுக்குத் தெரியும். நாங்க வண்டிய ஸ்டார்ட் பண்ண முன்னாலயே தக்காளியக் கட்டிருவா."

"என்ன சண்டைன்னு அவங்ககிட்ட கேக்கலயா?"

"அவங்க பாஷையில எங்களுக்கு ரெண்டே வார்த்தை சொல்லித் தந்தாங்க. நில்லு. திரும்பிப் போ. கேக்குற வார்த்தை சொல்லித் தரல."

மழை தகரத்தில் கொட்டிக்கொண்டு இருந்தது. கணக்கப்பிள்ளை புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டு இருந்தார்.

"நீங்க வந்த பொறகு அந்த அம்மா?" என்றாள் வீட்டுக்காரி.

"தெரியாது நங்கி. நாங்கதான் வந்துட்டோமே."

அவள் காலிக் கோப்பைகளை அடுக்கினாள். பிறகு கேட்டாள்.

"இதெல்லாம் முன்னாலயே சொல்லக் கூடாதா மாத்தையா?"

"நீங்க கேக்கலயே. வெடி இருக்கான்னுதான் தலைவர் கேட்டார்."

தலைவர் மழையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

அந்த மாதிரி இருக்கும்போதுதான் அரசாங்கத்தில் இருந்து ஒரு தாள் வந்தது. ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, நாடு முழுக்க ஒரே நேரத்தில், ஐந்து நிமிஷம் எல்லாரும் தங்கள் தங்கள் இடத்தில் இருக்கிற குரங்கு, மயில் எல்லாவற்றையும் எண்ணி எழுத வேண்டும். எங்களுக்கும் தாள் வந்தது. கிராமத்துக்கும் வந்தது.

எண்ணத்தான் சொன்னார்கள். எங்கள் தலைவர் அதற்கு மேல் படித்தார்.

"எங்க கூட இருக்கோ அங்க ஆமிய அனுப்பிப் புடிச்சிக்கிட்டுப் போவாங்க. கொறைய எழுதினா நம்ம பக்கம் வர மாட்டாங்க. அதனால அந்த அஞ்சு நிமிஷம் அத்தனையும் நம்ம பக்கம் இருக்கணும்."

தாளில் அப்படி ஒரு வரியும் இல்லை என்று கணக்கப்பிள்ளை சொன்னார். எழுதாததுதான் நடக்கும் என்றார் தலைவர்.

அப்படியாக ஒரு மாதம் வெடி போட்டு விரட்டிய நாங்கள், அந்தக் காலையில் ஓடைக்கரையில் தீனி வைத்தோம். கொஞ்சம் பழுத்த பலா. கொஞ்சம் சோறு. குரங்கு கடித்துப் போட்ட வாழையில் நல்லதாக ஒரு சீப்பு. அதை வீட்டுக்காரி முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் வைத்தாள். எனக்குப் பால்வெட்டு நேரம். அதை விட்டுவிட்டு வந்தேன். முப்பது வருஷத்தில் அப்படி வந்தது அந்த ஒரு தடவை.

ஓடைக்கு அந்தப் பக்கம் பார்த்தால் கிராமமே நிற்கிறது. முன்னால் கடை அக்கா. கிராமத்தில் சின்னக் கடை வைத்திருக்கிறவர். பெரிய ஆள், பெரிய குரல். அவர் முன்னால் ஒரு சுளகு நிறையப் பப்பாசி வெட்டி வைத்திருந்தது. அவர்கள் தலைவரும் எங்கள் தலைவர் மாதிரியே படித்திருக்கிறார்.

ஓடைக்குக் குறுக்கே ஒரு மரம் விழுந்து கிடக்கும். குரங்குக் கூட்டம் அதில் வந்து வரிசையாக உட்கார்ந்தது. நடுவில். இந்தப் பக்கம் பார்த்தது. அந்தப் பக்கம் பார்த்தது. ஒன்றும் சாப்பிடவில்லை. இத்தனை வருஷத்தில் யாரும் அதைக் கூப்பிட்டதில்லை. சந்தேகம் வருமா வராதா.

எட்டு மணி ஆனது. எண்ணத் தொடங்கினோம். அவர்களும் எண்ணினார்கள். அதே குரங்கைத்தான்.

"ஏய், அது எங்க கொரங்கு!" என்று தலைவர் கத்தினார்.

"ஏக்க அபே!" என்று கடை அக்கா கத்தினார். அது எங்களுடையது என்று.

"வாலு எங்க பக்கம் தொங்குது!" என்றாள் வீட்டுக்காரி. சிங்களத்தில்தான். அவள் என்னைவிட நன்றாகச் சிங்களம் பேசுவாள்.

"தல எங்க பக்கம்! சாப்பிடுறது தலைதான்!" என்றார் கடை அக்கா.

"ஒரு மாசமா உங்க ரிலவா, உங்க ரிலவான்னு எங்களத் திட்டினீங்களே அக்கே. இன்னைக்கு எப்படி உங்களது ஆச்சு?"

"நீங்க மட்டும்? நேத்து வரைக்கும் உங்களதா இருந்துச்சா?"

சொல்லி முடித்ததும் கடை அக்காவுக்கே கேட்டுவிட்டது போல. சுளகைப் பார்த்தார். எங்கள் பலாவைப் பார்த்தார். முதலில் வீட்டுக்காரிதான் சிரித்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு கரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு கடை அக்கா. அவர் சிரிப்புக்கு அலியா வெடி தோற்கும். குரங்கு எல்லாம் அந்தச் சத்தத்துக்கு மேட்டுக்கு ஓடிப்போய்விட்டது. இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. ஓடை ஓரமாகவே மேலே, கல்லுமலைக் காட்டுக்கு.

கோப்ரல் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"நங்கி, பாத்தீங்களா? குறுக்க போகல. நெடுக்க போகுது."

அந்த மத்தியானம் வீட்டுக்காரி வெத்தலைக் கட்டு வாங்கிக்கொண்டு கடை அக்கா வீட்டுக்குப் போனாள். கிராமத்தில் ஒரு காரியம் பேசப் போனால் வெத்தலை கொடுத்துத்தான் பேசுவார்கள். என்னையும் கூட்டிப் போனாள். பேச இல்லை. வெத்தலையைத் தூக்க.

கடை அக்காவுக்கும் கதை இருந்தது. அவர் மகனுக்கு ரம்புட்டான் குத்தகை. ரெண்டு வருஷமாகக் குரங்கு தின்னுகிறது. "நீங்கதான் அனுப்புறீங்கன்னு நெனச்சோம்" என்றார். "நாங்களும் அப்படித்தான் நெனச்சோம்" என்றாள் இவள். இதைப் பேச ஓடையைத் தாண்ட வேண்டும். இருபது அடி அகலம். இத்தனை நாள் வெடிதான் தாண்டியது.

பேசியது இவ்வளவுதான். ஓடைப் பள்ளத்தில் குப்பை, சோறு, பலாச் சக்கை போடுவது ரெண்டு பக்கமும் நிறுத்த வேண்டும். குழி வெட்டிப் புதைக்க வேண்டும். குரங்குக்கு விருந்து வைத்ததே நாங்கள்தான், ரெண்டு பக்கமும். காலையில் நாங்கள் எப்படியும் இருட்டோடு எழும்பி ரப்பருக்குள் நிற்கிறோம். அதனால் காலைக் காவல் எங்களுக்கு. சாயங்காலம் அவர்களுக்கு. யார் விரட்டினாலும் ஓடைக்குக் குறுக்கே விரட்டக் கூடாது. நெடுக்க, மேட்டுப் பக்கம் காட்டுக்கு விரட்ட வேண்டும். வெடி இல்லை. தகரம் போதும்.

கோப்ரலிடம் மீதி இருந்த வெடியை என்ன செய்வது என்று கேட்டார்கள். வருஷப் பிறப்புக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார். தலைவர் மட்டும் இதைப் பெரிய தோல்வி என்று நினைத்தார். பிறகு யூனியன் கூட்டத்தில் பேச்சுவார்த்தை வெற்றி என்று சொன்னதாகக் கேள்வி.

எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு சாயங்காலம் கிராமத்தில் கலியாண வீடு. காவலுக்கு ஒருவரும் வரவில்லை. மூன்று குலை போனது. வீட்டுக்காரி ஓடையைத் தாண்டிப் போய்க் கலியாண வீட்டு வாசலிலேயே நின்று சத்தம் போட்டாள். உட்கார வைத்துச் சாப்பாடு போட்டு அனுப்பினார்கள். வரும்போது எனக்கும் கட்டிக்கொண்டு வந்தாள். அடுத்த வாரம் சம்பள நாள் காலையில் எங்கள் ஆட்கள் மறந்துவிட்டார்கள். ரம்புட்டான் மரம் ஒன்று காலி. கடை அக்கா லயத்துக்கே வந்துவிட்டார். லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி ஏசினார். பிளேன்டீ குடித்துவிட்டுப் போனார். ஏசுவதற்கு வழி இருந்தது. அதனால் வெடி தேவைப்படவில்லை.

குரங்கு போய்விடவில்லை. அதையும் எழுதுகிறேன். இன்றைக்கும் வரும். கொஞ்சம் தின்னும். அதுவும் இங்கேதானே இருக்கிறது.

காய் முற்றியது. ஒவ்வொரு குலையாக வெட்டினோம். கோப்ரல் திரீவீலில் ஏற்றிப் பஜாருக்குக் கொண்டு போவார். ஒரு பக்கம் வாழை, ஒரு பக்கம் கடை அக்காவின் ரம்புட்டான் கூடை. நடுவில் அவர். "மறுபடியும் ரெண்டு பேருக்கு நடுவுலதான் நிக்கிறேன்" என்று சொல்வார்.

ஒவ்வொரு நாளும் சுவரில் கோடு ஏறியது. மூன்று கட்டு. ஆறு கட்டு. எட்டுக் கட்டு ஆனபோது தோட்டத்தில் மிச்சம் நின்ற குலையைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பக்கம் போகவில்லை.

ஏஜன்ட் ரெண்டு தடவை போன் பண்ணினான். அந்த நாட்டில் சத்தம் அடங்கிவிட்டது, டிக்கட் போடவா என்று கேட்டான். பொறு தம்பி, எண்ணி முடியல என்றாள்.

கடைசிக் குலை ஒரு வியாழக்கிழமை வெட்டியது. நான் பால் நிறுத்துவிட்டு வரும்போது அவள் அடுப்படியில் நின்றாள். கையில் கரி. ஏஜன்டோடு பேசிக்கொண்டு இருந்தாள்.

"அம்பது வந்துருச்சு தம்பி. நான் வரல. வேற ஆளப் பாரு."

போனை வைத்தாள். என்னைப் பார்த்தாள்.

"என்ன பாக்குறீங்க? பத்துக் கட்டு. எண்ணிக்கங்க."

பாஸ்போட்டை எடுத்து, அரிசி வாளி ஆடாமல் இருக்க அடியில் கொடுத்தாள். பிறகு கடை அக்காவிடம் சொல்லப் போனாள். ஓடையைத் தாண்டும்போது அவள் பாடுகிறது கேட்டது. பாட்டு அவளுக்கு வராது.

நான் சுவரைப் பார்த்தேன். பத்துக் கட்டு சரிதான். தூரத்தில் இருந்து எல்லாம் ஒரே மாதிரி. கிட்டப் போனேன். கடைசி ரெண்டு கட்டில் நாலு கோடு நிற்கவில்லை. மூன்று கோடு நின்றது. மேலே குறுக்குக் கோடு மட்டும் நல்ல நீளமாக இழுத்திருந்தது.

இருநூற்று எழுபது மரத்தில் ஒரு சிரட்டை தப்பினால் தெரிந்துகொள்கிறவள்.

விரலை வைத்து ஒவ்வொரு கோடாக நானும் எண்ணினேன். திரும்பவும் எண்ணினேன்.

நாற்பத்தெட்டு.